சேறு பதத்துக்கு வந்துவிட்டது

எங்கள் லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்) பிள்ளைகள் விளையாடக் கட்டிய சேற்றுத் தொட்டியில் இந்த வாரம்தான் முதல் சட்டி உடையாமல் நின்றது. மகள் செய்தது, உள்ளங்கை அகலம்தான். நிழலில் காய்ந்த பிறகும் வாயில் ஒரு கீறல் இல்லை. இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

தொட்டி கட்டிய கதை வேண்டாம். பழைய தகரமும் நாலு கட்டையும் இருந்தால் யாரும் கட்டிவிடலாம். இடம் மட்டும் சொல்கிறேன்: லயத்துக் கோடியில் சமதரை. பின்பக்க மண்மேட்டை வெட்டினால் வேலை சுலபம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நமக்கு, மேட்டின் அடியில் மம்பட்டி போட மனசு வரக்கூடாது. தேயிலை மலையிலிருந்தும் மண் எடுக்கவில்லை. அங்கே உரமும் களைநாசினியும் விழுகின்றன. மலசலகூடக் குழிக்குப் புதிதாகத் தோண்டிக் குவித்திருந்த அடிமண்ணைக் கேட்டு வாங்கினேன்.

அந்த மண்தான் என்னைப் படுத்தியெடுத்தது. ஹட்டன் பக்கத்துச் செம்மஞ்சள் பொட்சொல் எனப்படும் மண்வகை. ஈரத்தில் தொட்டால் நல்ல களிமண் என்று தோன்றும், உருட்டினால் பொலபொலவென்று உதிரும். ஹோர்லிக்ஸ் போத்தலில் மண்ணும் தண்ணீரும் சிட்டிகை சவர்க்காரத் தூளும் போட்டுக் குலுக்கி வைத்தேன். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் இறங்கிவிடும், வண்டலுக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும், களி தெளிய ஒரு நாளுக்கு மேல் வேண்டும். அடிமட்டம் (அளவுகோல்) வைத்து அளந்தால் களி தாராளமாகவே இருந்தது. பிறகு ஏன் உதிர்கிறது?

இரும்புதான் காரணம். காலகாலமாக மழை கழுவிய மலைநாட்டு மண்ணில் இரும்பு ஒட்சைட்டு தங்கிவிடுகிறது. அந்தச் சிவப்பும் மஞ்சளும் அதன் நிறம். அது களித்துகள்களைக் குருணை குருணையாக ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். குருணை உடையும்வரை கையில் மணல்தான். உடைக்க எளிய வழி ஊறவைத்து மிதிப்பது. எந்திரம் வேண்டாம், பிள்ளைகளின் கால் போதும்.

இந்த மிதியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆறாது. முதல்நாள் இரவே தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கால் மூட வேண்டும். மறுநாள் ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் மேலே கூழ், அடியில் கட்டி. தெளித்துத் தெளித்து மிதிக்க வேண்டும். இதைச் சொல்லித்தந்தது என் அத்தை. தொட்டி கட்டும்போது அவருக்குப் பிடிக்கவில்லை. “ஏம்மா, நாங்கதான் காலம்பூரா மண்ணுல கெடந்தோம், பிள்ளைக்கும் அதே மண்ணா?” என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. சம்பளத்துக்காக மழையில் நிற்பதும் ஆசைக்குக் காலை விடுவதும் வேறு என்றேன். பதில் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் மிதிப்பதைப் பார்த்ததும் பொறுக்காமல், காம்பராத் (லயத்து அறை) தரைக்கு மண் குழைத்த காலத்தை நினைத்து அவரே சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பதம் பார்க்கப் பெருவிரலால் மண்ணை நாடாவாகத் தள்ளுங்கள். எங்கள் மண் மிதிக்குமுன் இரண்டு சென்ரிமீற்றரில் அறுந்தது. இப்போது ஐந்தைத் தாண்டியும் தொங்குகிறது. அதன்பிறகுதான் மணல்: ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு, காயும்போது வெடிக்காமல் இருக்க. ஆற்று மணலை ஹாட்வெயாரில் கியூப் (நூறு கன அடி) கணக்கில்தான் பேசுவார்கள். எங்காவது வீடு கட்டுகிற மேசன்பாஸிடம் கேளுங்கள், ஒரு சாக்கு தருவார்.

பதமான சேற்றுக்கு வந்த முதல் விருந்தாளி மண்குளவி. பிள்ளைகள் அலறி ஓடினார்கள். மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைத் தெரிந்த பிள்ளைகள், பயப்படாமல் என்ன செய்வார்கள்? இது தனியாக வாழும் குளவி, கூட்டமாகத் துரத்தாது என்று சொல்லித் தள்ளி உட்கார வைத்தேன். தொட்டி ஓரத்தில் அதிகம் நனையாத, அதிகம் காயாத இடமாகப் பார்த்து ஓர் உருண்டை உருட்டி எடுத்துப் பறந்தது. இஸ்தோப்புச் சுவரில் அறை அறையாகக் கட்டி, மயங்கிய சிலந்திகளை உள்ளே அடைத்து, முட்டையிட்டு மூடுகிறது. குஞ்சுப்புழுவுக்கு அதுதான் சாப்பாடு. இப்போது மகள் சட்டி செய்ய மண் எடுப்பது குளவி எடுத்த இடத்திலிருந்துதான்.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரவில் படங்கு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். நாய், பூனை, எலி எதுவும் இறங்கக்கூடாது. கொக்கிப்புழுவும் எலிக்காய்ச்சலும் அவற்றின் மலம், மூத்திரம் வழியாகவும் வரும். கான் (சாக்கடை) தண்ணீரைச் சேர்க்கவே கூடாது. காலில் புண் இருந்தால் அன்றைக்கு வேடிக்கை மட்டும். வெயில் சாய்வதற்குள் வெந்நீரில் கழுவிவிட வேண்டும். அட்டைக்குப் பயந்து சுற்றியிருந்த புல்லை ஒட்ட வெட்டியாகிவிட்டது.

வடிகால் இன்னும் முடியவில்லை. மே மாதத் தென்மேல் பருவமழைக்குள் மேலே தகரம் போடாவிட்டால் தொட்டி குளமாகிவிடும். ஆனால் மனசு அதற்குள் அடுப்புக்குப் போய்விட்டது. மானாப்புல்லைப் பொடியாக நறுக்கிச் சேற்றில் மிதித்து, பிள்ளைகள் கையாலேயே ஒரு குட்டி மண் அடுப்பு. புல் எவ்வளவு நீளத்துக்கு நறுக்குவது என்று அத்தையிடம் கேட்டிருக்கிறேன். விரல் நீளம் என்கிறார், எனக்கு அது அதிகமாகப் படுகிறது. அவர் சொன்ன நீளத்தில் ஒன்றும் அதைவிடச் சிறிதாக ஒன்றுமாக இரண்டு கட்டி போட்டுக் காயவைத்திருக்கிறோம்.