மேடத்தின் நோட்டு

ஜூன் 24, 2024

எங்களுக்குக் குற்றவியல் சட்டம் நடத்திய மேடத்துக்கு வலது கை அசையவில்லை. பேச்சும் இல்லை.

ஜூன் 25

நாலு மணிக்கு உள்ளே விட்டார்கள், ஒருவர் மாற்றி ஒருவராக. வராந்தாவில் மேடத்திடம் படித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மாவட்ட நீதிபதி. பக்கத்தில் ஒரு அரசு வழக்கறிஞர். அவர் கேட்கும் தண்டனைகளைத் தடுக்கவே பிழைப்பு நடத்தும் டிஃபென்ஸ் வக்கீல் அதே பெஞ்சில். மூன்று பேரும் ஒரே பாட்டில் தண்ணீரைக் குடித்தார்கள்.

மேடத்தின் பாட நோட்டு யாரிடம் இருக்கிறது என்று அண்ணனிடம், அதாவது மேடத்தின் மகனிடம், கேட்க நினைத்தேன், முடியவில்லை.

ஜூன் 26

இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) போய் பாரதிய நியாய சன்ஹிதா வர இன்னும் ஐந்து நாள். கொலைக்கான 302 இனி 103. மோசடிக்கான 420 இனி 318(4). 511 பிரிவுகள் இருந்த இடத்தில் 358. ராத்திரி முழுக்க அட்டவணை போட்டேன். 1862 முதல் நடைமுறையில் இருந்த எண்கள், நாக்கு திரும்ப மறுக்கிறது.

மேடம் இருந்தால் அட்டவணையை ஓரமாக வைக்கச் சொல்லியிருப்பார். "நம்பரை விடு, வரியைப் படி." கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் கொலைக்கும், 299க்கும் 300க்கும், நடுவே இருப்பதைச் சொல்ல அவருக்கு இரண்டு வாரம் வேண்டும். மரணம் நேரக்கூடிய காயம் ஒன்று, இயற்கையான போக்கில் மரணத்துக்குப் போதுமான காயம் இன்னொன்று. ஒரு மனிதன் எத்தனை வருஷம் உள்ளே இருப்பான் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்பார். புதிய 100, 101-ஐ இரண்டு முறை படித்தேன். அந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது. ஏனோ அழுகை வந்தது.

ஜூன் 28

ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றியாச்சு. கண் திறந்து பார்க்கிறார். என்னைத்தானா என்று தெரியவில்லை.

ஜூன் 29

நோட்டு கிடைத்தது. பீரோவில், புடவைகளுக்கு அடியில்.

பாலியல் வன்கொடுமை பற்றிய 375-க்கான பக்கத்தில் வழக்கம்போல அந்தக் கடிதத்தின் நகல். வருஷா வருஷம் அந்தப் பாடத்தை அதிலிருந்துதான் தொடங்குவார். 1972-இல் மகாராஷ்டிராவில் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிப் பெண். உடம்பில் காயமில்லை, எனவே எதிர்க்கவில்லை என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. மறு வருஷம் செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் நால்வரும் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவது சம்மதம் ஆகாது என்பதுதான் சாரம். தீர்ப்பு மாறவில்லை. சட்டம் மாறியது: 1983-இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ வந்தது. காவலில் நடந்தது என்றால், உறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதமில்லை என்று அவள் சொன்னால், நீதிமன்றம் அதை ஏற்றுத்தான் தொடங்க வேண்டும். பிறகு 2013-இல், உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்ற வரி.

லோத்திகா சர்க்கார் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டம் நடத்தியவர். அந்த வரி ஏப்ரலில் சட்டமானபோது அவர் இல்லை, பிப்ரவரியில் போய்விட்டார். மேடம் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "டீச்சர்."

அவ்வளவுதான். வேறு எதுவும் எழுதவில்லை.

ஜூலை 1

புதிய சட்டத்தில் நான் எடுத்த முதல் வகுப்பு. மூன்று தடவை ஐபிசி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 2

உணவு செலுத்த வயிற்றில் குழாய் போட வேண்டுமாம். அண்ணன் பேனாவை எடுத்துவிட்டார். "அம்மா வேண்டாம்னு சொல்லலையே."

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அவர் தப்பாக எதுவும் நினைக்கவில்லை, எட்டு நாளாகத் தூக்கமில்லாத மனிதர். ஆனாலும் விட முடியவில்லை. இன்னொரு தடவை கேளுங்கள் டாக்டர் என்றேன். அந்த இளம் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக. சரி என்றால் இடது கையால் அழுத்துங்கள். முதல் முறை ஒன்றுமில்லை. இரண்டாவது முறை மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் விளக்கத்தை முதலிலிருந்து சொன்னார். மூன்றாவது முறை அழுத்தினார். நான் பார்த்தேன். பதினொரு நிமிஷம் ஆனது. அதன் பிறகுதான் அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 3

குழாய் போட்டாச்சு. காய்ச்சல் இல்லை.

ஜூலை 4

114ஏ இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 120. பென்சிலால் பக்கத்தில் எழுதலாமா என்று நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை.

ஜூலை 8

நாளை வகுப்பில் 63, பழைய 375. பின் பெஞ்சில் சிரிப்பார்கள். மேடம் அதட்டியதில்லை, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அடங்கும்வரை நிற்பார். எவ்வளவு நேரம் நிற்பார் என்று நோட்டில் தேடுகிறேன்.