தோட்டத்தில் ஒரு கக்கா

பிள்ளையைக் கூட்டிவரப் போன சாயங்காலம், கிட்டா வாசலிலேயே டீச்சர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பெர்லினில் கிட்டா என்றால் குழந்தைகள் காப்பகம். தினமும் "நல்லா சாப்பிட்டான், நல்லா தூங்கினான், ச்சூஸ்" என்று மூன்றே வார்த்தையில் அனுப்பிவைக்கிறவர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்தி "ஒரு நிமிஷம்" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. யாரைக் கடித்து வைத்தானோ.

கடிக்கவில்லையாம். இரண்டு நாளாகத் தோட்டத்துக்கு விளையாடப் போனதும் "கக்கா! கக்கா!" என்று கத்துகிறானாம். தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிப் பார்த்தால் டயப்பர் சுத்தமாக இருக்கிறதாம். மறுபடி வெளியே விட்டால் மறுபடி "கக்கா!"

ஜெர்மன் குழந்தைகளுக்கும் கக்கா என்றால் அதேதான். நம்மூரிலும் பல வீடுகளில் கக்காதானே? போதாக்குறைக்கு டச்சுக்காரர்கள் வேறு போகும்போது கக்கூஸ் என்கிற சொல்லை நம்மிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் எனக்கு இதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

இது நடந்தது பிப்ரவரியில். "கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, பொருந்தாத உடுப்புதான் உண்டு" என்பது இந்த ஊர்ப் பழமொழி. பனியோ மழையோ, பிள்ளைகளைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள். அப்படி இறங்குகிற பிள்ளையின் டயப்பரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கையுறை, அப்புறம் குல்லா, அப்புறம் ஜாக்கெட், அதற்குள் சேற்றில் புரள்வதற்கென்றே இருக்கிற மாட்ஷ்ஹோஸே என்கிற ரப்பர் கால்சட்டை, அதற்குள் சாதாரணக் கால்சட்டை, அதற்குள் காலோடு ஒட்டிக்கொள்ளும் கம்பளி உறை, அதற்கும் உள்ளே, கால்களுக்கு நடுவில் பொத்தான் போடுகிற 'பாடி' என்கிற உள்சட்டை. வெங்காயம் உரிப்பது மாதிரி உரித்துப் பார்த்துவிட்டு, திரும்ப ஒவ்வொன்றாக மாட்டி விடவேண்டும். அந்த அம்மா அன்றைக்கு மட்டும் ஐந்து முறை உரித்திருக்கிறார்.

"மலச்சிக்கலாக இருக்குமோ? உலர்ந்த பிளம்ஸ் கொடுத்துப் பாருங்களேன்" என்றார் பாவமாக.

கொடுத்தேன். ராத்திரி நான்கு பிளம்ஸை ஊறவைத்துப் பிசைந்து கொடுத்தேன். ஆசையாகத் தின்றான். சரி, தங்கம் கேட்கிறதே என்று இன்னும் இரண்டு.

மறுநாள் பதினொரு மணிக்கே போன். கிட்டாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொக்கி, கொக்கிக்கு மேலே ஒரு பெட்டி, பெட்டிக்குள் மாற்றுத்துணி. எங்கள் பெட்டி காலியாம். பக்கத்துப் பிள்ளையின் பெட்டியிலிருந்தும் ஒரு கால்சட்டை கடன் வாங்கியாயிற்றாம். உடனே துணி கொண்டுவரச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தால் ஐயா யாரோ ஒரு பெண் பிள்ளையின் ரோஜாப்பூ கால்சட்டையில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கு உள்ளேயேதான் இருந்தோம். அவன் ஒரு தடவைகூட கக்கா என்று சொல்லவே இல்லை" என்றார் டீச்சர்.

துணி மாற்றி, தோட்டம் வழியாக வெளியே வந்தோம். வேலிமேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. கறுப்புத் தலை, கறுப்பு இறக்கை, நடுவில் சாம்பல் நிறத்தில் பனியன் போட்டது போல உடம்பு. பெர்லினில் இந்த ஜாதிதான் தெருவெல்லாம். என் கையிலிருந்து துள்ளி, விரலை நீட்டி, "கக்கா! கக்கா!" என்றான்.

காக்கா. என் பிள்ளை இரண்டு நாளாகத் தமிழில் காக்காவைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். ஒன்றே முக்கால் வயசுக்கு இன்னும் நெடில் சரியாக வரவில்லை, அவ்வளவுதான். பெற்ற தாய்க்கு எப்படிப் புரியாமல் போச்சு என்று கேட்பீர்கள். நான் கிட்டா வாசலிலேயே தமிழ்க் காதைக் கழற்றி வைத்துவிட்டு ஜெர்மன் காதை மாட்டிக்கொண்டு போகிறவள். இல்லாவிட்டால் அந்த வேக ஜெர்மனில் பாதிகூடப் பிடிபடாது.

திரும்பி உள்ளே போய், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன்.

"எங்கள் மொழியில் கக்கா என்றால் பறவை."

டீச்சர் வேலிமேல் இருந்ததைப் பார்த்தார். "அந்தப் பறவையா? பாவம்! அப்படியானால் மற்றதற்கு என்ன சொல்வீர்கள்?"

கக்கா என்றே சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். எங்கள் வீட்டில் சொல்வதைச் சொன்னேன். "ஆய்."

அவர் முகம் மாறியது. ஜெர்மனில் 'ஆய்' என்றால் முட்டை. எழுதுவது வேறு மாதிரி, வாயில் வருவது அச்சு அசல் நம்ம ஆய்தான். அன்றைக்குக் காலைச் சிற்றுண்டிக்கு வேகவைத்த முட்டை கொடுத்தபோது இவன் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டானாம்.

"அப்போ முட்டைக்கு?"

"முட்டை."

"முட்டியா?" முட்டி என்றால் இங்கே அம்மா. அதோடு இருவரும் நிறுத்திக்கொண்டோம்.

விஷயம் இங்கே முடிந்திருக்கும், ஈஸ்டர் வராமல் இருந்திருந்தால். அதற்குள் அவனுக்கு முட்டை பழகிவிட்டது, சொல்லும் பழகிவிட்டது. ஈஸ்டருக்கு இங்கே வண்ண முட்டைகளையும் சாக்லேட் முட்டைகளையும் புதரிலும் புல்லிலும் ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேட விடுவார்கள். நாங்களும் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒளித்து வைத்தோம். அந்த மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். மதுரையில் அம்மா மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பேரனைப் பார்க்க வாட்ஸ்அப்பில் வந்திருந்தார்.

போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். "அம்மாச்சிக்கு என்ன கண்டுபிடிச்சேன்னு காட்டு தங்கம்."

புல்லுக்குள் கையை விட்டான். அதற்கு முன்பே காகிதத்தை உரித்துப் பாதி நக்கி, வெயிலில் இளகி, வடிவம் இழந்துபோன பழுப்புநிற வஸ்து ஒன்றை எடுத்தான். கேமராவுக்குக் காட்டினான். "ஆய்!" என்றான் பெருமையாக. அப்படியே வாயில் போட்டுக்கொண்டான்.

"அடியேய்! வாயில வைக்கிறான்டி! தட்டி விடுடி! நீ என்னடி சிரிச்சுக்கிட்டு நிக்கிற!"

அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அத்தை ஓடி வந்து, அவரும் திரையில் முகத்தை நுழைத்தார். இவன் அடுத்ததை எடுத்து அவருக்கும் காட்டினான். "மேர் ஆய்!" மேர் என்றால் இன்னும். அதையாவது நான் மொழிபெயர்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்த மாசக் கடைசியில் ஊ-7. இரண்டு வயது முடிவதற்குள் செய்கிற மருத்துவப் பரிசோதனைக்கு அப்படிப் பெயர். மஞ்சள் நோட்டு ஒன்றில் பதிவு செய்வார்கள். பிள்ளை எத்தனை வார்த்தை பேசுகிறான் என்று கேட்பார்கள் என்றும், சுமார் 50 இருக்கவேண்டும், எல்லா மொழியையும் சேர்த்து எண்ணலாம் என்றும் தெரிந்துகொண்டு, முந்தின ராத்திரி நானும் வீட்டுக்காரரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். தண்ணி, தோசை, பஸ், நைன் (இல்லை), வெக் (போச்சு). அப்புறம் 'டொஃ'. நாம் இல்லை என்றால் அவர்கள் ஆமாம் என்று அடித்துப் பேசுகிற ஒற்றைச் சொல் அது. தமிழில் இதற்குச் சரியான சொல் இல்லையே என்கிற வருத்தம் ஒருபுறம், ஆய்த எழுத்துக்கு இந்தக் காலத்திலும் வேலை கிடைத்ததே என்கிற சந்தோஷம் மறுபுறம்.

பட்டியல் 47-இல் நின்றுவிட்டது.

"'போ' எழுதினியா?"

"எழுதிட்டேங்க."

"ரெண்டா எழுது. மணல் தொட்டியில அந்தப் பையனைத் தள்ளிட்டு 'போ போ'ன்னான்ல, அவங்க அம்மா பையனோட பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாங்களே. இங்க போ-ன்னா குண்டி. இவனும் இப்ப அதைக் காட்டிச் சொல்றான். காக்காவும் ரெண்டு, ஆயும் ரெண்டு. ஆச்சா, அம்பது."

டாக்டர் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தார். ஒரே சொல் மூன்று இடத்தில் இரண்டிரண்டு முறை வருகிறதே என்று கேட்டார். விளக்கினோம். ஒன்றும் சொல்லாமல் மஞ்சள் நோட்டில் டிக் போட்டார்.

ஜூனில் அம்மா விசா கிடைத்து வந்து சேர்ந்தார். வந்த மறுநாள் காலை பால்கனிக் கம்பியில் சாம்பல் பனியன்காரர் வந்து உட்கார்ந்ததும் அம்மாவுக்குப் பாதி மதுரை வந்துவிட்டது. "பாருடி, நம்மூர்க் காக்கா மாதிரியே கழுத்துல சாம்பல். கொஞ்சம் வளர்த்தி, அவ்வளவுதான்." அமாவாசை வந்தது. குளித்து, சோறு வடித்து, ஒரு கைப்பிடியை பால்கனிக் கட்டையில் வைத்து, பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இருவருமாகக் குரல் கொடுத்தார்கள்.

"கா... கா... கக்கா, கக்கா, கக்கா!"

கீழ்வீட்டுத் தாத்தா அப்போதுதான் நாயோடு வெளியே வந்தார். நின்றார். நாயைப் பார்த்தார். நாய்க்குப் பின்னால் பார்த்தார். மேலே அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்த முகமாக, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்.

அவர் ஒரு காலைத் தூக்கிச் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மற்றக் காலையும்.