வளைவில்தான் கடிக்கிறது: எமரால்டு பக்கம் கயாக்கில் ட்ரோலிங்

நீலகிரியில் டிரவுட் என்ற குளிர்நீர் மீன் என்றால் ஓடைக்கரையில் நின்று தூண்டில் வீசுவதைத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறோம். அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் அமைத்து வளர்த்த மீன் இது. எமரால்டு பக்கம் இருக்கும் சித்தப்பாவின் எஸ்டேட் குளத்திலும் கொஞ்சம் விட்டிருக்கிறார். அங்கேதான் இந்த ட்ரோலிங் முயற்சி: கயாக்கில் (குறுகலான துடுப்புப் படகு) துடுப்பு போட்டபடியே லூரை, அதாவது செயற்கை இரையை, பின்னால் இழுத்துக்கொண்டு போவது.

முதலில் வேகம். டிரவுட்டுக்கு மணிக்கு 2 முதல் 3 கிலோமீட்டர் போதும், அதாவது சாவகாசமாகத் துடுப்பு போடும் வேகம். லூர் சரியாக ஓடுகிறதா என்று ராடின் (தூண்டில் கோல்) நுனியே சொல்லிவிடும். ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) ஆடினால் நுனி நாடி மாதிரி துடித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு நின்றால் பாசி சிக்கியிருக்கிறது, உடனே சுருட்டிப் பார்த்துவிட வேண்டும். ஸ்பின்னர் (தகடு சுழலும் லூர்) போட்டால் முன்னால் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) கட்டாயம். இல்லாவிட்டால் தங்கூசி (தூண்டில் நூல்) முறுக்கிக்கொண்டு ரீலையே வீணாக்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது வளைந்து வளைந்து போவது. கயாக் திரும்பும்போது லூரின் வேகம் குறைந்து கொஞ்சம் கீழே இறங்குகிறது. நேராக்கியதும் சட்டென்று மேலேறி ஓடுகிறது. பின்தொடர்ந்து வரும் மீனுக்கு, இரை தப்பி ஓடுவதாகத் தோன்றுமோ என்னவோ, கடி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழுகிறது. மோட்டார் படகு ஒரே சீராகப் போகும். கயாக்கோ ஒவ்வொரு துடுப்புக்கும் லேசாக உந்தி, லேசாகத் தளரும். இந்த ஏற்ற இறக்கம் ஸ்பூனுக்கு அருமையாகப் பொருந்துகிறது.

குளிர்மாதங்களில் 25 மீட்டர் தங்கூசி விட்டால் போதுமாக இருந்தது. ஏப்ரலில் மேல்நீர் சூடேறியதும் கதை மாறிவிட்டது. டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், 20 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். வெயில் ஏற ஏற ஆழத்துக்குப் போய்விடுகிறது. லூருக்கு ஒரு மீட்டர் முன்னால் தங்கூசியில் சின்ன ஈயக்குண்டை நசுக்கிப் பொருத்தியபிறகுதான் மறுபடி கடி வந்தது. அப்படியும் விடியற்காலையோடு நிறுத்திக்கொள்கிறேன். சூடான நீரில் போராடிக் களைத்த மீன், விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டேன், சிறிய மீன்களைக் காயமில்லாமல் விட முடிகிறது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கவே கூடாது, இந்தக் குளிரில் கை சீக்கிரம் மரத்துவிடும்.

அடுத்து, ராடு தாங்கியைப் பின்னாலிருந்து முழங்கால் பக்கம் மாற்றப் போகிறேன். நுனியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பவேண்டியிருக்காது.