கல்யாண முருங்கையின் பெயரைச் சுமந்த துறைமுகம்

சோழவந்தானில் எங்கள் வீட்டு வேலியோரம் நிற்கும் கல்யாண முருங்கையின் இலையைப் பறித்து, எங்களுக்குச் சளி பிடித்த நாட்களில் அரிசியோடு அரைத்து அம்மா அடை சுட்டுத் தருவார்கள். அந்த மரத்தின் சீனப் பெயரே ஒரு காலத்தில் ஒரு பெருந்துறைமுகத்தின் பெயராக விளங்கியது என்று அறிந்த நாள் முதல், அந்த நகரம் எனக்கு அயலூராகத் தோன்றவில்லை.

ஃபூஜியன் மாகாணத்துக் கடற்கரை நகரமான சுவான்சௌ தான் அது. 10ஆம் நூற்றாண்டில் நகர மதிலைச் சுற்றி இம்மரங்களை நட்டதால் 'சீத்தோங்' என்று பெயர் பெற்றது; அரபு வணிகர்கள் அதை 'ஸைத்தூன்' என்றார்கள். 1340களில் மதுரையில் கடுங்காய்ச்சலில் விழுந்து, புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்த மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, பின்னர் அத்துறைமுகத்தில் இறங்கி, அங்கே ஏறத்தாழ 100 பெரிய கப்பல்களைக் கண்டதாக எழுதினார்.

அவருக்கு முன்பே தமிழ் வணிகர்கள் அங்கே குடியிருந்தார்கள். மதுரையை மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்த 1281இல், சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள் 'செகசை கான்' நலம் பெறும்பொருட்டு அந்நகரில் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அந்தக் கான், சீனத்தை ஆண்ட குப்லாய் கான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நாள் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். வேற்று மொழியும் வேற்று நாட்காட்டியும் வழங்கிய மண்ணில், நம் மாதத்தையும் நட்சத்திரத்தையும் பிசகாமல் கணக்கு வைத்திருந்தவர்களை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது.

அந்நகரில் 1357 முதல் 1366 வரை நீடித்த கிளர்ச்சியின் முடிவில் அயல்நாட்டார் பலர் கொல்லப்பட்டார்கள், எஞ்சியவர்கள் கலைந்தார்கள். அதன்பின் மிங் அரசர்கள் தனியார் கடல் வணிகத்துக்குத் தடை விதித்தார்கள். ஆயினும் அந்தக் கரையோர மக்கள் பிற்காலத்தில் மணிலா, மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் என்று கடல் கடந்து குடியேறி, ஹொக்கியன் மொழியையும் உடன் கொண்டுபோனார்கள். நாம் அன்றாடம் சொல்லும் 'தேயிலை' என்ற சொல்லில் உள்ள 'தே' அம்மொழியிலிருந்து கிளம்பியதே.

அங்கிருந்த தமிழர்களோ உள்ளூராரோடு கரைந்து போனார்களா, ஊர் திரும்பினார்களா என்பதைச் சொல்ல எந்த ஏடும் என் கண்ணில் படவில்லை, கற்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் யானை லிங்கத்தை வழிபடுகிறது. திருவானைக்காவின் கதையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காயுவான் பௌத்தக் கோயிலின் பெருமண்டபத்துக்குப் பின்புறம் இரண்டு தூண்கள் நிற்கின்றன. இரணியனின் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மரும், ஆயர்மகளிரின் ஆடைகளோடு மரமேறிய கண்ணனும் அவற்றில் இன்றும் தெளிவாகத் தெரிகிறார்கள்.