நூற்று அறுபது புள்ளிச் சதுரம்

என்னிடம் ஒரு பாம் த்ரீஎக்ஸ் கையடக்கக் கணினி இன்னும் இயங்கும் நிலையில் இருக்கிறது. 1999-இல் வெளிவந்த அந்தக் கருவியை முகவரிகளையும் சந்திப்பு நேரங்களையும் குறித்துவைக்கவே பெரும்பாலோர் வாங்கினார்கள். நானும் அதற்காகத்தான் வாங்கினேன். ஆனால் சில வாரங்களுக்குள்ளாகவே அதனுடன் நான் கழித்த நேரத்தில் பெரும்பகுதி படங்களுக்குப் போய்விட்டது. அதில் படம் பார்ப்பதும் படம் வரைவதும் எப்படி இருந்தன என்பதை விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

திரையின் அளவு 160-க்கு 160 பிக்சல், அதாவது மொத்தம் 25,600 புள்ளிகள். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர். 1996-இல் வந்த, இதன் முன்னோடியான முதல் பைலட் கருவியிலும் இதே அளவுதான். நான்கு நிலைச் சாம்பலைக் காட்டும் திறன் அதன் டிராகன்பால் என்ற செயலிச் சில்லில் தொடக்கத்திலேயே இருந்தது என்றாலும், அன்றைய இயங்குதளம் நிரல்களுக்குக் கறுப்பையும் வெள்ளையையும் மட்டுமே முறைப்படி வழங்கியது. கறுப்பு வெள்ளையில் ஒரு முழுத்திரைப் படத்திற்கு 3,200 பைட் போதும். நான்கு நிலைச் சாம்பலுக்கு 6,400 பைட் வேண்டும். இன்று இவை அற்பமான எண்கள். மொத்த நினைவகமே 128 கிலோபைட்டாக இருந்த பைலட் 1000-இல் ஒரு படத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. என் கருவியில் 4 மெகாபைட் இருந்ததால் அந்தக் கவலை குறைவு.

கவலை வேறிடத்தில் இருந்தது. 256 சாம்பல் நிலைகள் கொண்ட ஒரு புகைப்படத்தை நான்கு நிலைகளுக்குள் எப்படி அடக்குவது? ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு மிக நெருங்கிய நிலைக்கு மாற்றினால், முகம் நில வரைபடத்தைப் போலத் திட்டுத்திட்டாகிவிடும். இதற்குத்தான் டிதரிங் என்ற புள்ளிச் சிதறல் முறை. ஃபிளாய்ட், ஸ்டைன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட வழியில், ஒரு புள்ளியை நெருங்கிய நிலைக்கு மாற்றும்போது ஏற்படும் பிழை வீணாக விடப்படுவதில்லை. அதில் பதினாறில் ஏழு பங்கு வலப்பக்கத்துப் புள்ளிக்கும், மீதி ஒன்பது பங்கு கீழ்வரிசையில் உள்ள மூன்று புள்ளிகளுக்கும் மூன்று, ஐந்து, ஒன்று என்ற கணக்கில் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஓரிடத்தில் கூடுதலாகக் கறுத்ததை அடுத்த இடம் வெளுத்து ஈடுசெய்கிறது. கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கும்போது கண் இவற்றைக் கலந்து இடைப்பட்ட நிறமாக உணர்கிறது.

மேசைக்கணினியில் அந்த மாற்றத்தைச் செய்ய ஒரு நொடிகூட ஆகாது. அதற்கு முந்தைய தயாரிப்புக்குத்தான் ஒரு மாலைப்பொழுது போகும். முதலில் படத்தைச் சதுரமாக வெட்ட வேண்டும். வெட்டும்போது எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். நான்கு பேர் நிற்கும் படத்தைச் சுருக்கினால் ஒவ்வொரு முகத்திற்கும் முப்பது புள்ளி அகலம் கிடைக்கும், அதில் கண்ணுக்கு ஐந்தோ ஆறோ மிஞ்சும். பின்னணியில் மரக்கிளைகள் இருந்தால் அவை இரைச்சலாகி முகத்தை விழுங்கிவிடும். தெளிந்த வானம் இருந்தால் சிதறிய புள்ளிகள் புழுக்கள் நெளிவதுபோல் வரிசைகட்டும். ஆகவே பின்னணியை நானே வெளுத்து, கண்ணிமையையும் உதட்டோரத்தையும் கொஞ்சம் அழுத்தி, ஒளிமாறுபாட்டைக் கூட்டி, அதன்பின் மாற்றி, கருவிக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, சரியில்லை என்று மறுபடியும் தொடங்குவேன். நொடிக்கு 57,600 பிட் செல்லும் சீரியல் இணைப்பில் படம் போய்ச்சேரக் கணக்குப்படி ஒரு நொடிக்குச் சற்று அதிகமாகும். கருவியையும் மேசைக்கணினியையும் ஒத்திசைக்கும் ஹாட்சிங்க் நிரல் தன் மற்ற வேலைகளையும் முடித்த பிறகே கருவி கைக்கு வரும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது.

திரையைவிடப் பெரிய படங்களையும் பார்க்க முடிந்தது. 640-க்கு 480 அளவுள்ள படம் பன்னிரண்டு திரைகளுக்குச் சமம். எழுத்தாணியை வைத்து இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் முழுவதையும் ஒரே பார்வையில் காண வழியில்லாத படத்தைப் பார்த்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. சில நாட்களில் அதை விட்டுவிட்டேன்.

அந்தத் திரை பகல் வெளிச்சத்தில்தான் தன் அழகைக் காட்டும். ஒளியைத் திருப்பியனுப்பும் திரவப்படிகத் திரை என்பதால் சன்னலோரம் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டுச் சக்கரத்தைத் திருப்பிச் சாம்பல் நிலைகள் நான்கும் தனித்தனியே தெரியும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சம் தவறினாலும் இரண்டு சாம்பல்கள் ஒன்றாகிவிடும். இருட்டிலோ நிலைமை தலைகீழ். அந்த மாதிரிக் கருவியில் பின்னொளியை ஏற்றினால் கறுப்புப் புள்ளிகள் ஒளிரும், வெளிச்சமான பகுதிகள் இருளும். எழுத்துகளைப் படிக்க அது ஏற்றதுதான். புகைப்படங்களோ நெகட்டிவ் ஆகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த மூன்று படங்களுக்கு நிறம் புரட்டிய இரண்டாவது பிரதி ஒன்றையும் வைத்திருந்தேன், இரவில் பார்ப்பதற்கென்று.

வரைவது இதிலிருந்து முற்றிலும் வேறான வேலை. எழுத்தாணியின் முனை ஒரே நேரத்தில் பல புள்ளிகளை மறைத்துவிடும். தொடுபரப்புக்கும் படம் தெரியும் அடுக்குக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியால் கோடு நாம் நினைத்த இடத்திற்குச் சற்றுத் தள்ளி விழும். அதனால் எட்டு மடங்கு பெரிதாக்கி, ஒருமுறைக்கு இருபதுக்கு இருபது புள்ளிகளை மட்டும் பார்த்தபடி வரைந்தேன். உறங்கும் பூனை ஒன்றை வரைந்தபோது அதன் முதுகின் வளைவு என்னை நான்கு நாட்கள் அலைக்கழித்தது. வளைவு என்பது அங்கே படிக்கட்டுதான். ஒரு படியின் நீளம் ஐந்து, அடுத்தது மூன்று, பிறகு மறுபடியும் நான்கு என்று போனால் முதுகில் முட்டு விழுந்ததுபோல் தெரியும். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்று நீளங்கள் திரும்பி ஏறாமல் குறைந்துவந்தால் கண் அதை வழவழப்பான கோடாக ஏற்றுக்கொள்ளும். மூலைகளில் வெளிர்சாம்பல் புள்ளி ஒன்றை வைத்தால் இன்னும் மென்மையாகும், ஆனால் எல்லா மூலைகளிலும் வைத்தால் கோடு கலங்கிவிடும். எங்கே வைக்கக் கூடாது என்பதைக் கண்டுகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

அந்தப் பூனையைத் தவிர என் தொடக்ககால வரைபடங்கள் எதுவும் இன்று இல்லை. படங்கள் இருந்த நினைவகம் இரண்டு சிறிய பேட்டரிகளின் மின்சாரத்தால்தான் உயிரோடு இருந்தது. பேட்டரியை மாற்றும்போது கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிட அவகாசம். ஒரு பயணத்தின்போது கருவியை மேசை இழுப்பறையிலேயே விட்டுச் சென்றேன். திரும்பிவந்து புதிய பேட்டரிகளைப் போட்டபோது அது புதிதாக வாங்கிய கருவியைப் போல விழித்தது. ஹாட்சிங்க் முகவரிகளையும் நாட்குறிப்பையும் மீட்டுத் தந்தது. மற்றத் தரவுத்தளங்களில், பிரதியெடுக்க வேண்டும் என்று நிரல் குறியிட்டவற்றை மட்டுமே அது சேமிக்கும். நான் பயன்படுத்திய வரைநிரல் அந்தக் குறியை இடவில்லை. முப்பத்தொரு படங்கள் போயின. பூனையை மட்டும் ஒரு நண்பருக்கு அகச்சிவப்புக் கதிர் வழியே முன்பே அனுப்பியிருந்தேன். இரண்டு கருவிகளையும் எதிரெதிரே பிடித்துக்கொண்டு அவர் அதைத் திருப்பி அனுப்பிய அந்தச் சில நொடிகளில் நான் கையை அசைக்கவே இல்லை.

சென்ற மாதம் அந்தப் படத்தை இன்றைய கணினியில் திறந்தேன். ஓர் அஞ்சல்தலையின் அளவில் திரையின் நடுவே கிடந்தது. முழு எண் மடங்குகளில் பெரிதாக்கினால்தான் புள்ளிகள் புள்ளிகளாக இருக்கின்றன. மூன்றரை மடங்கு என்றால் நான் எண்ணி எண்ணி வைத்த படிகள் குழம்பிவிடுகின்றன. நான்கு மடங்கில் வைத்துப் பார்த்தும் அது என் பூனையாகத் தெரியவில்லை. காரணம் நிறம். கோப்பில் இருப்பது தூய வெள்ளை. அந்தப் பழைய திரையிலோ வெள்ளை என்ற ஒன்று இருந்ததே இல்லை, பச்சை கலந்த சாம்பல்தான் அங்கே வெள்ளையாக நின்றது. கருவியைச் சன்னலருகே வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து நான்கு நிறங்களையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். மூன்று பொருந்திவிட்டன. அந்த வெளிர்நிறம் மட்டும் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கிறது. இப்போதைக்குக் காலை பத்து மணிக்குத் தெரியும் நிறத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.