ஏக்கர் 74 டாலர்

சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ரெட்வுட் காடு மியூர் வுட்ஸ். அதற்கு இறங்கும் மலைப்பாதையில் செல்போன் சிக்னல் போய்விடும். அங்கே காரை நிறுத்த முன்பதிவு கட்டாயம். 2018-லிருந்து அப்படித்தான். அந்தச் சீட்டை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை போகிறேன், எல்லாம் தெரிந்தவன் என்ற மிதப்பில் நான் அதைச் செய்யவில்லை. வாசலில் இருந்த பெண்மணி மூன்று முறை போனை உயர்த்திப் பிடித்த என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மேட்டில் ஏறிச் சிக்னல் பிடித்து வரச் சொல்லிவிட்டார். வண்டியைத் திருப்பினேன். சித்தப்பா பின்சீட்டில் இருந்து, "சைட் விசிட்னா டாக்குமெண்ட் கையில இருக்கணும்டா" என்றார்.

சித்தப்பா செங்கல்பட்டுப் பக்கம் மனை போட்டு விற்பவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் மகளைப் பார்க்க வந்திருந்தார். கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டும்போதுகூட, எதிரே தெரிந்த குன்றுகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்றுதான் கேட்டார்.

காட்டுக்குள் நுழைந்ததும் அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. செம்மரம் என்றால் நம்மூரில் வேறு மரம் என்பதால் ரெட்வுட் என்றே சொல்லிவிடுகிறேன். இங்கே உயர்ந்த மரம் ஏறக்குறைய 79 மீட்டர். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, உச்சி தெரிவதில்லை. சித்தப்பா பட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார். உரித்த தேங்காய் மட்டை மாதிரி நார்நாராக, மெத்தென்று இருந்தது. நல்ல வெயில் காலத்திலும் கடலில் இருந்து வரும் மூடுபனிதான் இந்த மரங்களுக்குத் தண்ணீர் காட்டுகிறது. பனி இலைகளில் படிந்து சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்குகிறது. நாங்கள் போன காலையிலும் மழையே இல்லாமல் நடைபாதைப் பலகைகள் நனைந்திருந்தன.

"இதை எப்படி வெட்டாம விட்டாங்க?" என்று கேட்டார் சித்தப்பா. அவருக்கென்றே இருக்கும் கதை அது. வில்லியம் கென்ட்டின் கதை.

கென்ட் 1864-ல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா இறைச்சி வியாபாரத்திலும் சிகாகோ நிலங்களிலும் பணம் சேர்த்தவர். மகனும் நிலம், கட்டடம், கால்நடை என்றே தொழில் செய்தார். சிகாகோவில் அவருக்குச் சொந்தமான வாடகைக் குடியிருப்புகள் மிக மோசமான நிலையில் இருந்தன. சமூக சேவகி ஜேன் ஆடம்ஸின் ஹல் ஹவுஸ் அமைப்பினர் அதைப் பகிரங்கமாகக் கேட்டுவிட்டார்கள். அவர் அந்த இடத்தையே அவர்களிடம் கொடுத்துவிட்டார். கட்டடங்களை இடித்துக் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் ஆக்கினார்கள். 1890-களில் நடந்தது இது. நிலத்தைக் கொடுத்துப் பிரச்சினையைத் தீர்ப்பது என்ற பழக்கம் அப்போதே தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைச் சுற்றியிருந்த ரெட்வுட் மரங்களெல்லாம் மரக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். இந்தப் பள்ளத்தாக்கு இறங்கி வர வசதியில்லாததால் தப்பியிருந்தது. 1905-ல் கென்ட் 611 ஏக்கரை 45,000 டாலருக்கு வாங்கினார். இவ்வளவு கடன் வாங்க வேண்டுமா என்று மனைவி எலிசபெத் கேட்டதற்கு, கையில் இருப்பதெல்லாம் போய் இந்த மரங்கள் மிஞ்சினால் அது நஷ்டமா என்று திருப்பிக் கேட்டாராம். சித்தப்பா நடையை நிறுத்திப் போனில் கணக்குப் போட்டார். "ஏக்கர் 74 டாலர்கூட ஆகலைடா."

மலை ரயிலின் கிளைப் பாதை 1907-ல் இங்கே வந்தது. ஆக, பார்வையாளர் வருவார்கள், வருமானம் வரும் என்ற கணக்கு இல்லாமல் இல்லை. அதே வருடம்தான் சிக்கலும் வந்தது. ஒரு தண்ணீர் நிறுவனம் ஓடையை மறித்து நீர்த்தேக்கம் கட்ட, நிலத்தைக் கையகப்படுத்தக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு தண்ணீருக்கும் மரத்துக்கும் தேவை எகிறியிருந்த நேரம். பொதுத் தேவை என்று சொல்லித் தனியார் நிலத்தை எடுத்துவிட முடியும்.

கென்ட் வழக்கை எதிர்த்து வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மரங்கள் அடர்ந்த 295 ஏக்கருக்குத் தானப் பத்திரம் எழுதி மத்திய அரசுக்கு அனுப்பிவிட்டார். 1906-ல் வந்திருந்த தொல்பொருள் சட்டத்தின்படி, குடியரசுத் தலைவர் ஒரு கையெழுத்தில் ஓர் இடத்தைத் தேசிய நினைவிடம் ஆக்கிவிடலாம். நாடாளுமன்றம் போக வேண்டாம். 1908 ஜனவரி 9 அன்று தியடோர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். தனியார் தானமாகக் கொடுத்த நிலத்தில் அமைந்த முதல் தேசிய நினைவிடம் இது.

சித்தப்பா தொடையில் தட்டிக்கொண்டார். "கேஸ் போட்டவன் இனிமே கவர்மெண்ட் மேலல்ல போடணும்! இவன் நம்ம ஆளுடா."

பெயர் விஷயம் இன்னும் அழகு. இயற்கையைக் காக்கப் போராடிய எழுத்தாளர் ஜான் மியூரின் பெயரை வைக்கச் சொன்னதே கென்ட்தான். உங்கள் பெயரையே வைக்கலாமே என்றார் ரூஸ்வெல்ட். எனக்கு நல்ல ஆரோக்கியமான ஐந்து பையன்கள் இருக்கிறார்கள், அவர்களால் கென்ட் என்ற பெயரைக் காப்பாற்ற முடியாவிட்டால் அது மறந்தே போகட்டும் என்று பதில் எழுதினார் கென்ட். கல்யாண மண்டபத்து மின்விசிறி இறக்கையில்கூட உபயதாரர் பெயர் எழுதும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

குறுக்காக வெட்டிய ஒரு மரத்துண்டை வைத்திருக்கிறார்கள். வளையங்களில் ஆண்டுகள் குறித்திருக்கின்றன. மரம் முளைத்தது 909, விழுந்தது 1930. அது முளைத்தபோது நம்மூரில் பராந்தகச் சோழன் பட்டத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். 1010 எங்கே வரும் என்று குத்துமதிப்பாகத் தேடி விரல் வைத்து, "பெரிய கோயில்" என்றார் சித்தப்பா. நடுவிலிருந்து ஒரு சாண்கூட இல்லை.

அப்புறம் அந்தப் பலகை. காட்டைக் காப்பாற்றிய வரலாற்றைச் சொல்லும் காலவரிசைப் பலகை அது. 2022-ல் நான் வந்தபோது அதன்மேல் மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன. கென்ட்டுக்கு முன்பே, 1904-ல் கலிஃபோர்னியா கிளப் பெண்கள் இந்தக் காட்டுக்காக இயக்கம் நடத்தியது, கோஸ்ட் மிவோக் பழங்குடிகளின் நிலம் இது என்பது, இப்படி விட்டுப்போனதையெல்லாம் பூங்கா ஊழியர்களே 2021-ல் சேர்த்திருந்தார்கள். கென்ட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது ஆசியர்களுக்கு எதிரான கொள்கைகளை முன்னெடுத்ததும் அதில் இருந்தது. குடியுரிமைக்குத் தகுதியில்லாத அயலார் கலிஃபோர்னியாவில் நிலம் வாங்கக்கூடாது என்பதை ஆதரித்தவர் அவர். 1923-ல் உச்ச நீதிமன்றம் இந்தியர்களையும் அந்தத் தகுதியில்லாதவர் பட்டியலில் தள்ளியது. இந்த முறை சீட்டுகளைக் காணோம். 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். எடுத்தது தவறு என்றே நினைக்கிறேன். பலகை இப்போது துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் மகள் போன வருடம்தான் முப்பது வருடக் கடனில் இங்கே வீடு வாங்கியிருக்கிறாள். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "மரத்துக்கு இடம் குடுத்தான், நமக்கு இல்லையா?" என்றார்.

ஃபெர்ன் கிரீக் பாதையில் கொஞ்சம் தள்ளிப் போனால் கென்ட் நினைவு மரம். ரெட்வுட் காட்டில் அவர் பெயருக்கு இருப்பது ஒரு டக்ளஸ் ஃபிர் மரம். அவருக்குப் பிடித்த மரமாம். அதுவும் 2003-ல் சாய்ந்துவிட்டது. எடுக்காமல் விழுந்தபடியே விட்டிருக்கிறார்கள். மேலெல்லாம் பாசி, பெரணி.

அங்கே நின்றபோது சித்தப்பாவுக்குத் தாகம். காலையில் தங்கை வீட்டுக் குழாயில் பிடித்த பாட்டிலை நீட்டினேன். சான் ஃபிரான்சிஸ்கோ தண்ணீரில் பெரும்பகுதி 250 கிலோமீட்டருக்கு அப்பால், யோசெமிட்டியில் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கை மூழ்கடித்த அணையிலிருந்து வருகிறது. அந்த அணை வரக்கூடாது என்று மியூர் கடைசி வரை போராடினார். 1913-ல் அதற்கு அனுமதி தந்த சட்டத்தை ஆதரித்துப் பேசியவர்களில் முக்கியமானவர் இதே கென்ட். தண்ணீரும் மின்சாரமும் தனியார் கையில் போகக்கூடாது, மக்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த வருடமே மியூர் இறந்துபோனார். 1916-ல் தேசியப் பூங்காத் துறையை உருவாக்கிய மசோதாவைக் கொண்டுவந்தவரும் கென்ட்தான்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பாட்டில் பாதி காலி.

"அந்த அணைத் தண்ணியா இது?" என்று பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் சித்தப்பா. இன்னொரு மடக்குக் குடித்தார்.

"நல்லாத்தான்டா இருக்கு."