பூச்சியத்தையும் எழுத வேண்டும்

மார்ச் 8, சனி
சதுப்பில் 8.40க்குத் தொடங்கி 9.35க்கு முடித்தேன். மொத்தம் 31 வண்ணத்துப்பூச்சிகள். பாதியளவு அந்தச் சின்ன மஞ்சள்கள்தான். எண்ணும் பாதையின் மூன்றாம் துண்டில், பலகைப் பாதை வளைகிற இடத்தில், இந்தக் கிழமையும் ஒன்றுகூட இல்லை. பூச்சியம் என்று எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. அங்கே இல்லாததை எழுதுகிறேனா, என் கண்ணில் படாததை எழுதுகிறேனா?

பின்னேரம் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனால் அம்மாவின் முதல் கேள்வி, "தேசியில புழு இருக்கோ பிள்ளை?" இல்லை என்று சொல்லிவிட்டேன். பல்கனியில் நிற்கும் அவவின் தேசி மரத்தில் ஏழு இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு
அம்மாவின் ரிப்போட் வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
நித்திரை வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அமெரிக்காவில் 2000க்கும் 2020க்கும் இடையில் வண்ணத்துப்பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை 22 வீதம் குறைந்திருக்கிறது என்று போன கிழமை சயன்ஸ் இதழில் வந்திருக்கிறது. 554 இனங்கள், 76,000க்கும் மேற்பட்ட கணக்கெடுப்புகள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது, இருபது வருடத்துக்குள். வாசித்ததில் இருந்து மனதைக் குடைவது அந்த 22 மட்டும் இல்லை, 22 என்று அவர்களால் சொல்ல முடிகிறதே, அதுதான். யாரோ ஒவ்வொரு வருடமும் போய் நின்று எண்ணியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1976 முதல் எண்ணுகிறார்கள், பொலார்ட் என்பவர் வகுத்த முறையில்: அதே பாதை, அதே நடை, இரு பக்கமும் இரண்டரை மீற்றர், முன்னால் ஐந்து மீற்றர், அதற்கு வெளியே எது பறந்தாலும் கணக்கில் இல்லை. நானும் அப்படித்தான் நடக்கிறேன். ஆனால் 1976இல் கொழும்புக்கு அருகே இந்தக் கோட்டேப் பக்கத்து சதுப்பில் ஒரு சனிக்கிழமை காலை எத்தனை பறந்தன என்று எந்தத் தாளைப் பார்த்துச் சொல்வது? இந்தத் தீவில் 240க்கு மேல் இனங்கள் இருக்கின்றன. அருங்காட்சியகப் பெட்டியில் ஊசி குத்தி வைத்த பூச்சி "நான் இங்கே இருந்தேன்" என்று சொல்லும், அவ்வளவுதான். எத்தனை பேர் இருந்தோம், எந்த இடத்தில் இல்லாமல் போனோம் என்று அது சொல்லாது.

கொழும்புக்கு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற பெயர் கிடைத்தபோது எவ்வளவு சந்தோசப்பட்டேன். இப்போதும் சந்தோசம்தான். எண்ணவும் வேண்டும்.

மார்ச் 13, வியாழன், போயா (பௌர்ணமி விடுமுறை)
வாட்டில் சத்தமே இல்லை. பெரிய டொக்டர் இன்று வரமாட்டார். பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியை அம்மா இரண்டு மிடறு குடித்தா, போதும் என்றா.

பல்கனியில் ஐந்து மிச்சம். இரண்டைக் கொண்டைக்குருவி கொண்டுபோயிருக்கும். கிழமை தொடக்கத்தில் காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இலையில் ஒட்டிக்கிடந்தவை தோலுரித்துப் பச்சையாகிவிட்டன. ஒன்றை விரல் நுனியால் மெல்லத் தொட்டேன். தலைக்குப் பின்னால் இருந்து செம்மஞ்சளாக ஒரு கவட்டைக் கொம்பு ஈரமாக வெளியே வந்தது, அழுகின தேசிக்காய் மணம், அப்புறம் தானாக உள்ளே போய்விட்டது. தமிழ்நாட்டில் இதற்கு எலுமிச்சை அழகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் தேசிப்பூச்சி என்றே எழுதுகிறேன், அம்மாவின் மரம் தேசி என்பதால்.

மார்ச் 15, சனி
விடிய முதல் மழை. போகவில்லை. இன்றைய கட்டங்களை வெறுமையாக விட்டேன். இது பூச்சியம் இல்லை. போய்ப் பார்த்து இல்லாதது வேறு, பார்க்காதது வேறு.

மார்ச் 17, திங்கள்
"இன்னும் இரண்டு மூன்று நாள் பாருங்கோ" என்கிறா வாட்டு நேர்ஸ் மிஸ்ஸி. போன திங்களும் அதையேதான் சொன்னா.

மார்ச் 19, புதன்
நான்கு புழுக்களும் கூட்டுப்புழுவாகிவிட்டன (ஐந்தாவதைக் காணவில்லை). வால் நுனி தண்டில் ஒட்டியிருக்க, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு இழை நூல், அதில் சாய்ந்து கிடக்கின்றன.

மூன்றாம் துண்டைப் பற்றியே யோசிக்கிறேன். பிரித்தானியாவில் பெரிய நீலம் என்ற வண்ணத்துப்பூச்சி குறைந்துகொண்டு போனபோது, சேகரிப்பவர்கள் பிடித்துவிடுகிறார்கள் என்று நினைத்து ஓரிடத்தில் வேலி போட்டார்கள். வேலி போட்டதும் மேய்கிற மிருகங்கள் உள்ளே போகவில்லை, புல் உயர்ந்தது, நிலம் குளிர்ந்தது. அந்தப் பூச்சியின் புழுவைத் தன் புற்றுக்குள் தூக்கிக்கொண்டுபோய் வளர்ப்பது ஒரு சிவப்பு எறும்பு, அந்த எறும்புக்குச் சூடான நிலம் வேண்டும். எறும்பு போனது, 1979இல் பூச்சியும் முற்றாகப் போனது. ஜெரமி தோமஸ் என்ற ஆய்வாளர் வருடக்கணக்காகப் புல்லுக்குள் குந்தியிருந்து இதைக் கண்டுபிடித்தார், பிறகு சுவீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், இப்போது பறக்கிறது. விரலளவு புல். அவ்வளவு சின்ன விசயம். காப்பாற்ற நினைத்தவர்களே போட்ட வேலி அது என்பதை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது.

மார்ச் 22, சனி
மொத்தம் 28. மூன்றாம் துண்டு பூச்சியம்.

எண்ணி முடித்த பிறகு வீட்டுக்குப் போக மனம் வராமல் திரும்பி வளைவுக்குப் போய்ப் பலகையில் இருந்தேன். அப்போதுதான் பார்த்தேன், கரையில் நிற்கும் மரம் நன்றாகப் படர்ந்துவிட்டது, காலை வெயிலை முழுக்க மறைக்கிறது. 10.20 அளவில் வெயில் கிளைக்கு மேலால் இறங்கியது. உடனே நான்கு வந்தன, எங்கே இருந்தன என்று தெரியவில்லை, செட்டையை விரித்து வைத்துக்கொண்டு இலைகளில் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவற்றைக் கணக்கில் சேர்க்க முடியாது, என் நேரம் 9.35க்கு முடிந்துவிட்டது. நேரத்தை மாற்றினால் இதுவரை எழுதிய சனிக்கிழமைகளோடு ஒப்பிட முடியாமல் போகும். பூச்சியம் பூச்சியமாகவே இருக்கட்டும். கீழே ஓரமாக எழுதினேன்: நிழல், 10.20, நான்கு.

மார்ச் 25, செவ்வாய்
அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றா. "இலை முழுக்கப் போச்சோ?" அரைவாசி என்றேன். "தளிர்க்கும், விடு."

மார்ச் 28, வெள்ளி
ஒரு கூட்டின் தோல் மெலிந்து உள்ளே கறுப்பு தெரிகிறது. நாளை காலையாக இருக்கலாம்.

வாட்டிலிருந்து போன் வந்தது. நாளை 9 மணிக்கு வரட்டாம். சித்தியையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்.

தாளையும் பென்சிலையும் தம்பியிடம் கொடுத்தேன். அவன் இதுவரை ஒருநாளும் எண்ணியதில்லை. வேகமாக நடக்காதே, திரும்பிப் பார்த்து எண்ணாதே, மூன்றாம் துண்டில் ஒன்றும் இல்லாவிட்டால் வெறுமையாக விடாதே, பூச்சியம் போடு என்று மூன்று தரம் சொன்னேன். "ஓம் அக்கா, ஓம்" என்றான்.

மார்ச் 29, சனி
தம்பி 27 என்று போட்டிருக்கிறான். துண்டு துண்டாக இன்னும் பார்க்கவில்லை. தாள் மேசையில் கிடக்கிறது.